520 பேரில் 364 பெண்கள்: வெயிட் போட்டால் சரியாகிவிடுமா?

மேல்பட்டி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புள்ளியியல் படித்துவிட்டு ஒரு சிறிய தொண்டு அமைப்பில் ஆய்வு வேலை பார்க்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டங்களில் மருத்துவச் செலவு பற்றி வீடு வீடாக ஒரு சர்வே எடுத்தோம். கிராமங்களும் நகராட்சி வார்டுகளுமாக 30 இடங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின் வீட்டு எண்ணிக்கையை வைத்து பி.பி.எஸ். முறையில், அதாவது வீடு அதிகமுள்ள இடத்துக்கு அதே அளவில் அதிக வாய்ப்பு வருகிற மாதிரி, எடுத்தோம். ஒவ்வோர் இடத்திலும் புதிதாக வீட்டுப் பட்டியல் போட்டு, அதில் 20 வீடு. வீட்டுக்கு ஒருவர், 18 வயது நிரம்பியவர்களில் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். இதுதான் திட்டம்.

600 வீடுகளில் 520 முடிந்தன. மீதி 80 வீடு பூட்டியிருந்தது அல்லது பேச மறுத்துவிட்டார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம், எடுக்கவில்லை. பேசிய 520 பேரில் பெண்கள் 364, ஆண்கள் 156. முப்பது வயதுக்குள் இருக்கும் ஆண்கள் மிகக் குறைவு. பகலில் போனால் பெண்கள் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் தறிக்கோ, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ, பெங்களூருக்கோ போயிருப்பார்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

எங்கள் மேலாளர், "ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி வருகிற மாதிரி வெயிட் போட்டுவிடும்மா, வேலை முடிந்தது" என்கிறார். வெயிட் என்றால் ஒருவர் பதிலை எத்தனை பேர் பதிலாக எண்ணுவது என்ற எடை. நான் பால், வயது, கல்வி, நகரம்-கிராமம் என்று நான்கையும் வைத்து, 2011 கணக்கோடு ஒத்துப்போகிற மாதிரி ரேக்கிங் செய்து பார்த்தேன், அதாவது ஒவ்வொன்றுக்காக மாற்றி மாற்றி வெயிட்டைச் சரிசெய்துகொண்டே வருவது. கணக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் சில இளைஞர்களுக்கு வெயிட் 9-க்கு மேல் போகிறது. ஒரே பையன் சொன்ன பதில் ஒன்பது பேர் சொன்னதாக நிற்கிறது. மனசு ஒப்பவில்லை.

முக்கியமான கேள்விகள் இரண்டு. கடந்த ஓராண்டில் மருத்துவச் செலவுக்காக இந்த வீட்டில் நகை அடகு வைத்தீர்களா அல்லது வட்டிக்கு வாங்கினீர்களா என்பது ஒன்று. கடைசியாக உங்களுக்கு உடம்பு சரியில்லாதபோது அரசு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, தனியாருக்கா என்பது இன்னொன்று. வெயிட் போடாமல் பார்த்தால் கடன் வாங்கிய வீடுகள் கால்வாசிக்கு மேல். வெயிட் போட்டதும் கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டது. எதை எழுதுவது? வெயிட்டை எந்த எண்ணில் வெட்டுவது?

ஆம்பூர் பைபாஸ் பதில்:

9 அதிகம்தான். நாங்கள் நடுத்தர வெயிட்டைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போனால் வெட்டிவிட்டு, வெட்டிய மிச்சத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்போம்.

இன்னொன்று, 2011 கணக்கை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அப்போது வேலூர் ஒரே மாவட்டம். 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்துவிட்டன. வாக்காளர் பட்டியலில் பாகம் வாரியாக வயது, பால் இரண்டும் இருக்கிறது. அதை எண்ணி வைத்துக்கொண்டு ரேக் செய்யுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் பதில்:

வெயிட்டை எங்கே வெட்டுவது என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அம்மா. உங்கள் எண்களைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் தெரியாமல் வெயிட் பற்றிப் பேசிப் பயனில்லை.

வீட்டுக்கு ஒருவரைக் குலுக்கலில் எடுத்தீர்கள். 600 வீட்டிலும் குலுக்கியிருந்தால் பெண் பெயர் சுமார் 300 வீட்டில் விழுந்திருக்கும். ஆண்கள் வெளியூரில் இருப்பதால் பெண்கள் சற்றுக் கூடுதல் என்று 312 வரை வைத்துக்கொள்ளலாம். குலுக்கலில் ஏற்ற இறக்கம் வரும்தான். ஆனால் 600 முறை குலுக்கினால் அதன் திட்ட விலக்கம், அதாவது வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு, 12 சொச்சம்தான். பெயர் விழுந்த பெண்கள் ஒருவர் விடாமல் பேசியிருந்தாலும் 364 வராது. அப்படியென்றால் பெயர் விழாத பெண்களும் உங்கள் 520-க்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் விழுந்த ஆண் வீட்டில் இல்லை என்றதும், இருந்த அம்மாவையோ மனைவியையோ பேச வைத்திருப்பார்கள். களப்பணியாளர்களைக் கோபிக்காமல் கேளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று கணக்கு வைத்தால், வெயிலில் மூன்றாவது முறை நடந்துவிட்டு யாரும் அதைத்தான் செய்வார்கள். குலுக்கல் தாளும் பேட்டித் தாளும் தனித்தனியாக இருந்தால், இரண்டிலும் இருக்கும் வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். தெரிந்துவிடும்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், வெயிட் என்பது அடிப்படையில் ஒரே விஷயம்: இந்த ஆள் என் கையில் சிக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது, அதைத் தலைகீழாகப் போடு. புள்ளியியலாளர்கள் ஹார்விட்ஸும் தாம்ப்சனும் 1952-இல் எழுதியது இதைத்தான். வாய்ப்பு தெரியாத ஆளுக்கு வெயிட் கிடையாது. ரேக்கிங் செய்தால் ஏதோ ஓர் எண் கிடைக்கும். ஆனால் அது ஊகத்தில் வந்த எண்.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வெயிட் போடக் கூடாது. நகை அடகு வைத்தது வீடு. யார் வாய் திறந்து சொன்னார் என்பது வேறு. அந்தக் கேள்விக்கு மாதிரி என்பது வீடுதான், ஆகவே வீட்டு வெயிட். அங்கே ஆண் பெண் விகிதத்தைச் சரிசெய்ய எதுவுமே இல்லை. ஒன்பது மடங்கு வெயிட் வாங்கிய இளைஞன் பேசினான் என்பதற்காக அவன் வீடு ஒன்பது வீடாகிவிடாது. உங்கள் கடன் எண் இறங்கியதற்கு இது பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக் கேள்விதான் ஆளுக்கானது. அதற்கு ஆள் வெயிட்.

வீட்டு வெயிட்டை இப்படிக் கட்டுங்கள். பி.பி.எஸ். எடுத்து இடத்துக்கு 20 வீடு என்றால், 2011-இல் இருந்த வீட்டு எண்ணிக்கையே இன்றும் இருந்தால் எல்லா வீட்டுக்கும் சம வாய்ப்பு. அப்படி இருக்காது. காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை ரோட்டோரம் மனைப்பிரிவு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2011-இல் 300 வீடு இருந்த ஊரில் நீங்கள் பட்டியல் போட்டபோது 420 இருந்தால், அந்த ஊர் வீடுகளுக்கு 1.4 மடங்கு. வீடு குறைந்திருந்தால் ஒன்றுக்குக் கீழே. அப்புறம் 20-க்குப் 16 வீடுதான் பேசியது என்றால் 20-ஐ 16-ஆல் வகுத்து, 1.25 மடங்கு. இது நீங்களே போட்ட பட்டியலிலிருந்து வருகிற எண், யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆள் வெயிட்டுக்கு இதன் மேல் அந்த வீட்டில் இருக்கும் 18 வயது நிரம்பியவர்கள் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஐந்து பேர் வீட்டில் ஒருவருக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று, தனியாக இருக்கும் பாட்டிக்கு வாய்ப்பு முழுசு. இதைப் பெருக்காமல் விட்டால் தனியாக இருக்கும் வயதானவர்கள் சர்வேயை நிரப்பிவிடுவார்கள். நீங்கள் இதைச் சொல்லவே இல்லை, போட்டீர்களா?

ஆம்பூர் நண்பர் சொன்ன வாக்காளர் பட்டியல் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நல்ல துணை. உங்களுக்குக் குறைவது இளைஞர்கள். பதினெட்டு, பத்தொன்பதில் பலர் பெயர் இன்னும் ஏறியிருக்காது. பெங்களூரில் குடியேறியவர் பெயர் ஊரிலேயே இருக்கலாம். ஓட்டை இருக்கும் இடத்தில் துணியும் கிழிந்திருக்கிறது.

2011 கணக்கிலும் சிக்கல் இருக்கிறது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் 39,36,331 பேர், ஆயிரம் ஆண்களுக்கு 1007 பெண்கள். உங்கள் மேலாளர் சொன்ன பாதிக்குப் பாதி தப்பில்லை. ஆனால் பேரணாம்பட்டும் கே.வி.குப்பமும் அப்போது தனி வட்டங்கள் இல்லை. கிராம வாரியான சுருக்கத்தை எடுத்து, உங்கள் எல்லைக்குள் வரும் ஊர்களை நீங்களே கூட்ட வேண்டும். அதில் ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிவு கிடைக்கும். பெரியவர்களின் வயதுப் பிரிவு கிடைக்காது. அது பழைய மாவட்டம் முழுமைக்கும்தான். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதுவும் 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்ட எல்லையைத்தான் வைத்துக்கொண்டது. அதில் வருகிற வேலூர், அரக்கோணம் முதல் திருப்பத்தூர் வரை நீண்ட பழைய வேலூர்.

உங்கள் 9 எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் கல்வியிலிருந்து. 2011-இல் பத்தாவது தாண்டாத பெரியவர்கள் எவ்வளவு பேரோ, அதே அளவு இன்றும் இருக்க வேண்டும் என்று கணக்கைக் கட்டாயப்படுத்துகிறீர்கள். அதற்குப் பிறகு இந்த ஊர்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் பஸ் ஏறி வேலூர் காலேஜுக்குப் போய்விட்டார்கள். இன்று அதிகம் படிக்காத இளைஞன் உங்கள் மாதிரியில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பான், அவன் தலையில் எல்லாப் பாரமும் ஏறிவிட்டது. டெமிங்கும் ஸ்டீஃபனும் 1940-இல் இந்த ரேக்கிங் முறையை எழுதியபோது, அதே ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பின் முழு எண்ணிக்கை அவர்களுக்கு விளிம்புத் தொகையாக, அதாவது மாதிரி ஒத்துப்போக வேண்டிய மொத்த எண்ணாக, இருந்தது. நம் விளிம்பு பழசு. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதுவரை கல்வியை ரேக்கிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள், வயதையும் மூன்று பிரிவுக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

முதலில் அந்தக் குலுக்கல் தாளைப் பாருங்கள்.

மேல்பட்டி:

சார், ரொம்ப நன்றி. இரண்டு தாளையும் எடுத்து உட்கார்ந்து ஒப்பிட்டேன். நீங்கள் சொன்னதுதான். 118 படிவங்களில் பெயர் விழுந்தது ஓர் ஆணுக்கு, பேசியது அதே வீட்டுப் பெண். பெயர் விழுந்தவரே பேசியது 402. அதில் பெண்கள் 246, ஆண்கள் 156.

வீட்டில் உள்ள பெரியவர்கள் எண்ணிக்கையால் நான் பெருக்கவில்லை. அதைச் சேர்க்கிறேன். ஆனால் இந்த 118-ஐ என்ன செய்வது? தூக்கிப் போட்டால் மேலாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். 402-ஐ மட்டும் வைத்து ரேக் செய்தால் போதுமா?

குடியாத்தம் கெங்கையம்மன் பதில்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், நான் ஊர்க்காரன். ஆண்கள் எல்லோரையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டும் என்றால் வைகாசி 1, சிரசுத் திருவிழா. பெங்களூர், சென்னை, திருப்பூர் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனால் எல்லோரும் இருப்பார்கள்.

காட்பாடி ஜங்ஷன் பதில்:

118-ஐத் தூக்கிப் போட வேண்டாம் அம்மா. அந்த வீடுகள் முறைப்படி வந்த வீடுகள். வீட்டுக் கேள்விகளுக்கு 520-உம் செல்லும், வீட்டு வெயிட்டோடு. நகை அடகு, வட்டிக் கடன், காப்பீட்டு அட்டை இருக்கிறதா, குடும்பச் செலவு எல்லாம் இதில் அடங்கும். மேலாளரிடம் அப்படியே சொல்லுங்கள், உழைப்பு வீணாகவில்லை. ஆளுக்கான கேள்விகளுக்கு மட்டும் அந்த 118 பேர் பதில் செல்லாது. அங்கே 402 செல்லும், 198 பேர் விட்டுப்போனவர்கள்.

402-ஐ ரேக் செய்தால் போதுமா என்று கேட்டீர்கள். எண்ணிக்கை சரியாகும், ஆள் சரியாக மாட்டான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கும் இருபத்தைந்து வயது இளைஞன் யார்? வேலை தேடிக்கொண்டிருப்பவன், படித்துக்கொண்டிருப்பவன், காய்ச்சலில் படுத்திருப்பவன், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவன். ஷூ கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போய்விட்டவனுக்குப் பதிலாக இவனை நிறுத்தி நாலால் பெருக்குகிறோம். கம்பெனிக்காரனுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு இருக்கும், இவனுக்கு இருக்காது. நீங்கள் கேட்பதோ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாய் என்று! பால், வயது, ஊர் என்று எந்தக் கட்டத்தில் போட்டாலும் இருவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். ஒரே கட்டத்தில் சிக்கியவனும் சிக்காதவனும் ஒரே மாதிரி என்றால்தான் ரேக்கிங் வேலை செய்யும். இந்தக் கேள்விக்கு அவர்கள் ஒரே மாதிரி இல்லை. இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது, களத்துக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு ஒரு பழைய நல்ல வழி இருக்கிறது. ஹான்சன், ஹர்விட்ஸ் இருவரும் 1946-இல் எழுதினார்கள். தபாலில் கேள்வித்தாள் அனுப்பி, பதில் போடாதவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கலில் எடுத்து, அவர்களை மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது. உங்கள் 198 பேரில் 50 பேரைக் குலுக்கிப் போடுங்கள். அந்த 50 பேரை விடாமல் பிடியுங்கள். கிடைத்தவர்களுக்கு ஆள் வெயிட்டை 198-ஐ 50-ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 4-ஆல் பெருக்குங்கள். முதலில் பேசிய 402 பேருக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. அந்த 80 வீடுகளும் 198-க்குள்ளேயே இருப்பதால், நான் முன்பு சொன்ன 1.25 மாதிரி பெருக்கலையும் ஆள் வெயிட்டில் சேர்க்காதீர்கள். அது வீட்டுக் கேள்விகளுக்கு மட்டும். இல்லாவிட்டால் ஒரே குறையை இரண்டு முறை நிரப்பியதாகிவிடும்.

இந்த 4 பெரிய எண்தான். ஆனாலும் உங்கள் 9 மாதிரி அல்ல. குலுக்கலிலிருந்து வந்ததால் வாய்ப்பு தெரிந்த எண். அதைக் கூச்சமில்லாமல் அறிக்கையில் எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை போங்கள், அல்லது இரவு ஏழரைக்கு மேல். ஆள் கேள்விகள் மட்டும் கேட்டால் பத்து நிமிடம். பேசிய வீட்டுப் படிவங்களில் போன் நம்பர் வாங்கியிருந்தால் போனிலேயே கேட்கலாம். பேரணாம்பட்டில் உருது பேசும் வீடுகளுக்கு உருது தெரிந்த பெண் ஒருவரை அழைத்துப் போங்கள். மறுத்துவிட்டார்கள் என்று எழுதிய வீடுகளில் சிலவற்றில் மொழிதான் தடையாக இருந்திருக்கும்.

திருவிழா யோசனை சொன்னவருக்கு: அன்று வருகிறவர்களில் பாதிப் பேர் விருந்தாளிகள். நம் கணக்குக்கு வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவர் வேண்டும். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போனால் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஒருவர் இருப்பார். சுவரில் படம் இருக்கும், பேச்சில் பெயர் வரும். ஆனால் காஷ்மீரில் இருப்பவர் வேலூர் மாதிரியில் வர மாட்டார். மேல்பட்டி அம்மா, இதை உங்கள் 198-லும் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பிள்ளையின் பெயரையும் பாசத்தில் வீட்டு ஆள் பட்டியலில் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்டவர் பெயர் குலுக்கலில் விழுந்திருந்தால் அவர் பதில் சொல்லாதவர் அல்ல, தகுதியே இல்லாதவர். 50 பேரைத் தேடும்போது இதுவும் தெரியவரும், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து போகிறவரை எங்கே சேர்ப்பது என்று ஒரு விதி வைத்து, எல்லா ஊரிலும் அதே விதியைப் பின்பற்றுங்கள்.

ஆற்காடு ஆர் பதில்:

மேலே சொன்னதோடு மென்பொருள் விஷயம் ஒன்று. வெயிட் தயாரானதும் அதை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் சாதாரண வெயிட் கட்டளையில் போட்டுவிட்டு, வருகிற திட்டப் பிழையை (விடை எவ்வளவு தவறலாம் என்பதன் அளவை) அப்படியே எழுதாதீர்கள். அது வெயிட் 4 என்றால் நான்கு பேர் நிஜமாகவே பேசினார்கள் என்று எடுத்துக்கொள்ளும். ஆர் மொழியில் தாமஸ் லம்லி எழுதிய சர்வே பேக்கேஜ் இருக்கிறது, இலவசம். கிளஸ்டர் (உங்கள் 30 இடங்கள்) எது, வெயிட் எது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ரேக்கிங், வெட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

வெயிட் போட்ட பிறகு மாதிரி எத்தனை பேர் அளவுக்கு நிற்கும் என்று காட்ட, புள்ளியியலாளர் கிஷ் சொன்ன சின்னச் சூத்திரத்தையும் போட்டுப் பாருங்கள்: வெயிட்களின் கூட்டலை வர்க்கப்படுத்தி, வெயிட் வர்க்கங்களின் கூட்டலால் வகுக்க வேண்டும். உங்கள் மேலாளர் சொன்ன பாதிக்குப் பாதிக்கே, பெண்ணுக்கு 0.71, ஆணுக்கு 1.67 வருகிறது. 520 பேர் சுமார் 437 பேர் அளவுக்குத்தான் நிற்பார்கள். 9 வரை போனால் இன்னும் எவ்வளவு கரையும் என்று நீங்களே பாருங்கள்.

மேல்பட்டி:

போட்டுப் பார்த்தேன், பாதிக்கும் கீழே போய்விட்டது. மேலாளரிடம் குலுக்கல் தாளைக் காட்டிப் பேசினேன். 50 பேருக்குச் சம்மதித்துவிட்டார், இரண்டு ஞாயிறு வண்டி தருகிறார். கடைசியாக ஒன்று சார்: 50-இல் சிலர் எப்படியும் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்கு? அப்புறம் வெட்டும் எண் எது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

காட்பாடி ஜங்ஷன் பதில்:

50-இல் தகுதியில்லாதவர்களைக் கழித்தது போக 45 பேர், அதில் 38 பேர் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 பேருக்கும் 45-ஐ 38-ஆல் வகுத்த அளவு கூடுதலாகப் பெருக்கிவிடுங்கள். இங்கேயும் கிடைத்தவன் கிடைக்காதவன் ஒரே மாதிரி என்ற அனுமானம் உள்ளே வருகிறது, ஆனால் இப்போது அது ஏழு பேர் மேல்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு பால், மூன்று வயதுப் பிரிவு, நகரம்-கிராமம், இவ்வளவுக்கு மட்டும் லேசாக ரேக் செய்யுங்கள்.

வெட்டும் எண்ணுக்கு விதி எதுவும் கிடையாது. வெட்டினால் ஏற்ற இறக்கம் குறையும், சாய்வு (விடை ஒரே பக்கமாகத் தவறுவது) கூடும். ஆம்பூர் நண்பர் சொன்ன ஐந்து மடங்கு மோசமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கேள்வியின் விடையைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணை முடிவு செய்து, தேதி போட்டு, மேலாளரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வையுங்கள். விடையைப் பார்த்துவிட்டு வெட்டினால், எந்த விடை பிடிக்கிறதோ அந்த இடத்தில்தான் கத்தி போகும். அறிக்கையில் வெயிட் இல்லாத எண்ணையும் வெயிட் போட்ட எண்ணையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கொடுங்கள். கீழே மூன்று விவரம்: மிகச் சிறிய வெயிட், மிகப் பெரிய வெயிட், கிஷ் கணக்கில் வருகிற ஆள் எண்ணிக்கை. 118 பேர் விஷயத்தையும் முறையியல் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள், வீட்டுக் கேள்விக்கு மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று.